வழியில் ஒரு தராசு

(பொதுக்காலம் 14ஆம் ஞாயிறு, மூன்றாம் ஆண்டு, 06-07-2025. வானொலி மறையுரையின் எழுத்து வடிவம். நற்செய்தி: லூக்கா 10:1-12, 17-20)



இன்றைய நற்செய்தியில் ஆண்டவர் 72 பேரை இருவர் இருவராகப் பிரித்துத் தமக்கு முன்னே அனுப்புகிறார். அவர்களுக்கு அவர் கொடுக்கிற பட்டியலைச் சற்று ஊன்றிக் கவனிப்போம். பயணம் என்றால் நம் வீடுகளில் எதை எடுத்துப் போவது என்றுதான் பட்டியல் போடுவோம். ஆண்டவருடைய பட்டியலோ எதை எடுத்துப் போகக்கூடாது என்று இருக்கிறது. பணப்பை வேண்டாம், பை வேண்டாம், மிதியடி வேண்டாம். போய்ச் சேர்ந்த வீட்டில் என்ன வைக்கிறார்களோ அதைச் சாப்பிட வேண்டும். இன்னும் வசதியான இடம் தேடி வீடு வீடாக மாறக்கூடாது. இதில் ஒரு பெரிய இறையியல் இருக்கிறது என்று குருமடத்தில் படித்தோம், தேர்வில் எழுதி மதிப்பெண்ணும் வாங்கினோம். ஆனால் கடந்த மே மாதம் வரை அது நமக்குச் சரியாக விளங்கவில்லை என்பதை இன்று ஒப்புக்கொள்கிறோம்.

சின்ன காஞ்சிபுரத்தில் கருட சேவை முடிந்த கையோடு, நம் பங்கு இளையோர் 19 பேர் ஜவ்வாது மலைக்கு 10 நாள் மறைப்பணிப் பயணம் போனார்கள். நாமும் உடன் போனோம். புறப்படுவதற்கு முந்தின இரவு பங்கு இல்லத் திண்ணையில் நாம் எடுத்துப் போக வைத்திருந்ததை நினைத்தால் இப்போது சிரிப்பு வருகிறது. பழைய துணி எட்டு மூட்டை, நோட்டுப் புத்தகங்கள், பேனா, மாத்திரைகள், கிரிக்கெட் மட்டை, படம் காட்டப் புரொஜக்டர், அதற்கு ஒரு சின்ன ஜெனரேட்டர், ஒரு அம்மா கட்டிக் கொடுத்த முறுக்கு டின் நான்கு. நமக்கென்று பத்து நாளுக்கு அரிசி. ஆண்டவர் வேண்டாம் என்று சொன்ன எல்லாவற்றையும் நாம் ஒரு வேனில் ஏற்றியிருந்தோம்.

பக்கத்துத் தெரு நெசவாளர் ஒருவர், நல்ல மனிதர், தினமும் வரதராஜப் பெருமாள் கோயிலுக்குப் போகிறவர், வேனைப் பார்த்து நின்றார். "எங்க ஃபாதர், மதம் மாத்தவா?" என்று சிரித்துக்கொண்டே கேட்டார். நாமும் சிரித்தோம். ஆனால் அந்தக் கேள்வியைச் சிரித்துக் கடந்துவிட முடியாது. இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965 டிசம்பர் 7 அன்று ஒரே நாளில் இரண்டு ஏடுகளை வெளியிட்டது. ஒன்று திருச்சபையின் மறைப்பணி பற்றியது, மற்றொன்று சமய விடுதலை பற்றியது. போகும் இடத்து மக்களின் மரபையும் வாழ்வையும் அறிந்துகொள், கடவுள் அங்கே உனக்கு முன்பே விதைத்திருப்பதைக் கண்டுபிடி என்று முதலாவது ஏடு கேட்கிறது. எவருடைய மனச்சான்றையும் வற்புறுத்தாதே என்று இரண்டாவது சொல்கிறது. இரண்டும் ஒரே நாளில் வந்தது நமக்குப் பாடம். அந்த நெசவாளருக்கு நாம் இவ்வளவும் சொல்லவில்லை. "பாத்துட்டு வரோம்ண்ணே" என்று மட்டும் சொன்னோம். பிறகு நடந்ததைப் பார்த்தால் அதுவே சரியான பதில்.

செய்யாறு, ஆரணி, போளூர் என்று போய், அங்கிருந்து மலைப்பாதையில் ஜமுனாமரத்தூர் ஏறி, அதற்கப்பால் ஒரு சிற்றூரில் இறங்கினோம். அங்கே பணியாற்றும் அருட்சகோதரிகள் ஒரு நல்ல காரியம் செய்தார்கள். நம் அரிசியை வாங்கித் தங்கள் அறையில் வைத்துப் பூட்டிவிட்டு, பிள்ளைகளை இருவர் இருவராக வீடுகளுக்கு அனுப்பிவிட்டார்கள். "பத்து நாளும் ஒரே வீடுதான். அவங்க சாப்பிடறதுதான் நீங்களும்" என்றார்கள். அன்றைக்கே நற்செய்தி வாசித்ததுபோல் இருந்தது.

முதல் நாள் மாலையே ஒரு பெரியவர் நம் பிள்ளைகளில் ஒருவனிடம் ஊர் எது என்று கேட்டிருக்கிறார். இவன் காஞ்சிபுரம் என்றதும், "அட, நமக்கும் அதான்பா ஊரு" என்றாராம். இவனுக்கு விளங்கவில்லை. பெரியவர் கதை சொல்லியிருக்கிறார். இந்தக் கதை புதிதல்ல. 1909இல் எட்கர் தர்ஸ்டன் வெளியிட்ட தென்னிந்தியக் குலங்களும் குடிகளும் பற்றிய நூலில் ஜவ்வாது மலை மலையாளி மக்களின் மூலக்கதையாக இது பதிவாகியிருக்கிறது. (மலையாளி என்றால் மலையை ஆள்பவர் என்றுதான் அவர்கள் பொருள் சொல்கிறார்கள். கேரளத்தோடு அதற்குத் தொடர்பில்லை, அவர்கள் பேசுவது தமிழ்.) கதை இதுதான்.

கங்குந்திப் பக்கத்து வேடர்கள் காஞ்சிபுரத்து வேளாளரிடம் பெண் கேட்டார்கள். இவர்கள் இளக்காரமாக மறுத்தார்கள். அவர்கள் ஏழு பெண்களைத் தூக்கிச் சென்றுவிட்டார்கள். மீட்டு வர ஏழு ஆண்கள் ஏழு நாய்களோடு புறப்பட்டார்கள். நாய்கள் மட்டும் தனியே திரும்பி வந்தால் நாங்கள் இறந்துவிட்டோம் என்று வைத்துக்கொள்ளுங்கள் என மனைவியரிடம் சொல்லிவிட்டுப் போனார்கள். பாலாற்றில் வெள்ளம். ஆண்கள் எப்படியோ நீந்திக் கரையேறினார்கள். நாய்கள் பாதி ஆறு போய்ப் பயந்து திரும்பி ஊர் வந்து சேர்ந்தன. வீட்டில் இறுதிச் சடங்கு முடிந்துவிட்டது. போனவர்கள் பின்னால் உயிரோடு திரும்பி வந்தபோது ஊர் அவர்களைச் சேர்த்துக்கொள்ளவில்லை. அவர்கள் மலையேறி, வேடர் பெண்களை மணந்து, காட்டைத் திருத்திப் பயிர் செய்தார்கள். அவர்கள் வழி வந்தவர்களே இந்த மக்கள்.

வரலாறா, கதையா என்று ஆராய்வது நம் வேலை அல்ல. ஆனால் ஒரு மக்கள் கூட்டம் நூற்றாண்டுகளாக மலைமேல் உட்கார்ந்துகொண்டு, கீழே காஞ்சிபுரத்தில் எங்களுக்கு உறவு உண்டு, அவர்கள் எங்களைச் செத்தவர்களாக எழுதிவிட்டார்கள் என்று பேரப்பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொண்டிருக்கிறது. காஞ்சிபுரத்தில் இருக்கிற நமக்கு அது தெரியவே தெரியாது. நாம் யாரோ தொலைதூரத்து ஏழைகளுக்கு உதவப் போவதாக எண்ணி மூட்டை கட்டினோம். அவர்களோ, வெகுநாள் கழித்து ஊரிலிருந்து பிள்ளைகள் வந்திருக்கிறார்கள் என்று பாய் விரித்தார்கள். ஆற்றுக்கும் இந்த உறவு தெரிந்திருக்கிறது. ஜவ்வாது மலையில் பிறக்கிற செய்யாறு, பாலாற்றோடும் நம் ஊர் வேகவதியோடும் வந்து கலக்கிற இடம்தான் நம் திருமுக்கூடல்.

இப்போது அந்தப் பையனைப் பற்றிச் சொல்ல வேண்டும். வயது இருபது, கல்லூரியில் வணிகவியல் படிக்கிறான். அப்பா கூலிக்குப் பட்டு நெய்கிறவர். சின்ன வயதில் கோர்வைச் சேலைக்குக் கரைப் பக்கம் உட்கார்ந்து நாடா தள்ளியவன். அவனும் இன்னொருவனும் ஒரு வயதான அம்மா வீட்டில் தங்கினார்கள். அந்த அம்மாவுக்கு இரண்டு மகன்கள். இருவரும் வீட்டில் இல்லை. மிளகுத் தோட்ட வேலைக்குக் கேரளத்துக்குப் போயிருந்தார்கள். நம் பிள்ளைகள் கோடை விடுமுறைக்கு மலையேறுகிற அதே மாதத்தில், அதே வயதுப் பிள்ளைகள் பிழைப்புக்காக மலையிறங்குகிறார்கள். அவர்கள் படுத்த பாயில்தான் இவர்கள் படுத்தார்கள். சிலர் இறங்கினால் திரும்புவதும் இல்லை. 2015 ஏப்ரல் 7 அன்று ஆந்திரத்துச் சேஷாசலம் காட்டில், செம்மரம் வெட்ட வந்தவர்கள் என்று 20 தமிழ்த் தொழிலாளர்கள் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். அவர்களில் ஜவ்வாது மலையைச் சேர்ந்தவர்களும் இருந்தார்கள். அந்த அம்மா ஒவ்வொரு நாளும் பேருந்துச் சத்தம் கேட்டால் வாசலுக்கு வந்து பார்த்துவிட்டு உள்ளே போவார் என்று பையன் சொன்னான்.

சாமைச் சோறும், கீரையும், ஒருநாள் பலாக்கொட்டைக் குழம்பும் என்று சாப்பிட்டார்கள். நான்காம் நாள் அந்த அம்மா தம்மிடம் இருந்த ஒரே சேவலை அடித்துக் குழம்பு வைத்தார். பையன் வேண்டாம் என்று தடுத்திருக்கிறான். "எம் பசங்க வந்தா அடிக்க மாட்டனா?" என்று அவர் கேட்டிருக்கிறார். வைப்பதைச் சாப்பிடுங்கள் என்று ஆண்டவர் சொன்னது எவ்வளவு கடினமான கட்டளை என்று அன்று அவன் உணர்ந்தான். கொடுப்பது நமக்குச் சுலபம். நம்மைவிட இல்லாதவர் கையிலிருந்து வாங்கிச் சாப்பிடும்போதுதான் நம் பெருமை உடைகிறது.

ஏழாம் நாள் ஊருக்குள் ஒரு வண்டி வந்தது. புளி எடுக்க வந்த வியாபாரி. ஒவ்வொரு வீட்டிலும் உலுக்கி, ஓடு நீக்கி, கொட்டை எடுத்து வைத்திருந்த புளியை மூட்டையாகக் கொண்டு வந்தார்கள். வண்டியோடு வந்த தராசில் எடை போட்டார்கள். நம் பையன் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தான். மூட்டையைத் தூக்கி வண்டியருகே வைத்தவன் அவன்தான். தோளில் ஏற்றியபோது தெரிந்த கனத்துக்கும் தராசு சொன்ன எண்ணுக்கும் பொருந்தவில்லை என்று அவன் கைக்குத் தெரிந்துவிட்டது.

இது வேறு பிள்ளைக்குத் தெரிந்திருக்காது. இவனுக்குத் தெரிந்ததற்குக் காரணம் அவன் வளர்ந்த வீடு. நம் ஊர் நேயர்களுக்கு இதைச் சொல்லத் தேவையில்லை, மற்ற ஊரார் அறியும்பொருட்டுச் சொல்கிறோம். கூலிக்கு நெய்கிற வீட்டுக்கு முதலாளியிடமிருந்து பாவும் ஊடையும் ஜரிகையும் எடை போட்டுத்தான் வரும். பதினைந்து, இருபது நாள் குழியில் கால் தொங்கவிட்டு நெய்து, தறியிலிருந்து இறக்கிய சேலையை மடித்துக் கொண்டுபோனால், அங்கே அதையும் எடை போட்டுத்தான் வாங்குவார்கள். கொடுத்த எடைக்குக் குறைந்தால் கூலியில் பிடிப்பு. முன்பணம் வாங்கிய கடன் வேறு இருக்கும். தராசு முதலாளியுடையது. அப்பா வாய் திறக்காமல் நிற்பதை இந்தப் பையன் ஐந்து வயதிலிருந்து பார்த்திருக்கிறான். எல்லா முதலாளிகளும் அப்படியல்ல என்பதும் உண்மை. நேர்மையாகக் கொடுத்து வாங்குகிறவர்களை நாம் அறிவோம். ஆனாலும் தராசுக்கு முன்னால் ஒரு மனிதன் நிற்கிற நிலையைப் பார்த்தே அவனுக்குத் தராசின்மேல் உரிமை உண்டா இல்லையா என்று சொல்லிவிடலாம். மலைமேல் அந்த அம்மா நின்ற நிலை அவனுடைய அப்பா நிற்கிற நிலையாக இருந்தது.

அன்றிரவு அவன் நம்மிடம் வந்தான். "ஃபாதர், தராசு சரியில்ல. நாளைக்கு அந்த ஆள் பக்கத்து ஊருக்கு வருவாரு. போய்க் கேக்கலாமா?" என்றான். நாம் என்ன சொன்னோம் தெரியுமா? "வேண்டாம்பா. நாம விருந்தாளியா வந்திருக்கோம். நாலு நாள்ல போயிடுவோம். அப்புறம் இவங்கதான் அவர்கிட்ட விக்கணும்" என்றோம். விவேகமான பதில் என்று அப்போது தோன்றியது. அவன் ஒன்றும் பேசாமல் போய்விட்டான். நமக்குத்தான் தூக்கம் வரவில்லை. இதே பதிலை வேறொரு சூழலில், வேறொருவரைப் பற்றி, நாம் முன்பே ஒருமுறை சொல்லியிருந்தது நினைவுக்கு வந்தது.

அந்த வேறொருவர் யார் என்றால், நேற்றோடு அவர் இறந்து நான்கு ஆண்டுகள் ஆகின்றன. அருள்தந்தை ஸ்டேன் சுவாமி. நம் தமிழ் மண்ணின் பிள்ளை. திருச்சி மாவட்டம் விரகாலூரில் 1937 ஏப்ரல் 26 அன்று பிறந்தவர். 1957இல் இயேசு சபையில் சேர்ந்தார். இன்னும் குருப்பட்டம் பெறாத இளைஞராக, 1965இல் இன்றைய ஜார்க்கண்டில் சாய்பாசாவுக்கு அருகே லுப்புங்குட்டுப் பள்ளிக்கு ஆசிரியராக அனுப்பப்பட்டார். வத்திக்கான் சங்கம் அந்த இரண்டு ஏடுகளை வெளியிட்ட அதே ஆண்டு. அங்கே படித்தவர்களில் பெரும்பாலோர் ஹோ பழங்குடிப் பிள்ளைகள். அந்தப் பிள்ளைகளோடு அவர் வாரச் சந்தைக்குப் போவார். அவர்களுடைய பெற்றோர் காட்டிலிருந்தும் வயலிலிருந்தும் கொண்டுவந்ததை, வெளியூர் வணிகர்கள் எப்படி ஏமாற்றி வாங்குகிறார்கள் என்று அங்கே நின்று பார்த்தார். பார்த்துக்கொண்டு மட்டும் நின்றோமே என்ற வேதனை அவரை விடவில்லை.

இரண்டாண்டுப் பயிற்சிக் காலம் முடிந்து அவர் போய்விட்டார். நம் பையனுக்குப் பத்து நாள், அவருக்கு இரண்டு ஆண்டு, அவ்வளவுதான் வேறுபாடு. இறையியல் படித்தார், சமூகவியல் படித்தார், ஹோ கிராமத்தில் தங்கி மொழி கற்றார், பெங்களூரில் இந்திய சமூக நிறுவனத்தில் நெடுங்காலம் இளைஞர்களைப் பயிற்றுவித்தார். 1991இல் மறுபடியும் அந்த மக்களிடமே திரும்பினார். நிலம் யாருடையது, சுரங்கத்துக்கு யாரைக் கேட்டு எடுத்தார்கள், அரசமைப்புச் சட்டத்தின் ஐந்தாம் அட்டவணை என்ன சொல்கிறது, ஆண்டுக்கணக்கில் விசாரணைக் கைதிகளாகச் சிறையில் கிடக்கிற பழங்குடி இளைஞர்கள் யார் என்று ஒவ்வொன்றாகக் கேட்டார், எழுதினார், நீதிமன்றத்துக்குப் போனார். 2006இல் ராஞ்சியை அடுத்த நாம்கும்மில் பகைச்சா என்ற இல்லம் உருவானது. சந்தையில் பார்த்ததற்குப் பதில் சொல்ல அவருக்கு வாழ்நாள் முழுவதும் தேவைப்பட்டது.

அவர் இதில் முதல் ஆளும் அல்ல. அதே சோட்டாநாக்பூரில் 1885இல் தோர்ப்பா என்ற ஊரில் வந்து தங்கிய பெல்ஜியம் நாட்டு இயேசு சபையார் கான்ஸ்டன்ட் லீவன்ஸ், மக்கள் முதலில் கொண்டுவந்த முறையீடு நிலத்தையும் வரியையும் பற்றியதாக இருந்ததால், உட்கார்ந்து சட்டம் படித்தார். செபம் சொல்லிக்கொடுக்க வந்தவர் வழக்குக் கட்டைப் பிரித்தார்.

2020 அக்டோபர் 8 அன்று ஸ்டேன் சுவாமி கைது செய்யப்பட்டார். பீமா கோரேகான் வழக்கில், சட்டவிரோதச் செயல்கள் தடுப்புச் சட்டத்தின்கீழ் குற்றச்சாட்டு. அவர் அதை மறுத்தார். வயது 83, நடுக்குவாத நோய். கை நடுங்கியதால் டம்ளரில் தண்ணீர் குடிக்க முடியாமல், உறிஞ்சுகுழல் வைத்த கோப்பை வேண்டும் என்று கேட்டார். அந்தக் கோரிக்கை நீதிமன்றத்தில் நாள் கணக்கில் தள்ளிப்போனது. பிணை மறுக்கப்பட்டது. தம் மக்களோடு இருந்து இறக்க வேண்டும் என்றே கேட்டார். 2021 ஜூலை 5 அன்று மும்பை மருத்துவமனையில், இன்னும் கைதியாகவே, தம் 84ஆம் வயதில் இறந்தார். விசாரணை தொடங்கவே இல்லை.

அவர் கைதான நாட்களில், பங்கில் ஓர் இளைஞர் நம்மிடம் கேட்டார், "ஃபாதர், அவருக்காக ஒரு மன்றாட்டு சேத்துக்கலாமா?" அன்று நாம் பேர் சொல்லாமல், சிறையில் வாடுவோர் அனைவருக்காகவும் என்று பொதுவாக ஒரு மன்றாட்டு எழுதினோம். நாலு பேர் என்ன நினைப்பார்கள், பிறகு பங்குக்கு ஏதாவது தொல்லை வருமோ என்று யோசித்தோம். அதுவும் விவேகம் என்றே தோன்றியது. ஓநாய்களிடையே ஆடுகளைப்போல அனுப்புகிறேன் என்ற பொருளில் இன்று ஆண்டவர் பேசுவதைப் பீடத்திலிருந்து படிப்பது எளிது. ஆட்டுக்குட்டியின் பேரைச் சொல்வதற்கே நமக்குப் பயமாக இருந்தது.

மலையிலிருந்து இறங்குகிற நாளில் எல்லாப் பிள்ளைகளும் வீட்டுக்குப் புளி வாங்கினார்கள். நல்ல புளி, கறுக்காதது, மலைப் புளிக்கு ஒரு மணம் உண்டு. அவரவர் தங்கிய வீட்டிலேயே வாங்கினார்கள். வியாபாரி தன் ஆளிடம் ஒரு தராசை அங்குள்ள பெட்டிக்கடையில் விட்டு வைத்திருப்பார், ஊரில் யார் எடை போட்டாலும் அதில்தான். நம் பையன் மூன்று கிலோ வாங்கி, மூன்று கிலோவுக்குப் பணம் கொடுத்தான். அந்த அம்மா வாங்க மாட்டேன் என்றார், கையில் திணித்துவிட்டு வந்தான்.

சின்ன காஞ்சிபுரம் வந்து சேர்ந்த மறுநாள், அவன் அந்தப் பையைத் தெருமுனை மளிகைக் கடையில் கொண்டுபோய் மின்தராசில் வைத்திருக்கிறான். 3 கிலோ 600 கிராம்.

நேரே நம்மிடம் வந்தான். சாட்சி சொல்லும் கூட்டத்துக்கு அப்போது ஏற்பாடு நடந்துகொண்டிருந்தது. படங்கள் எல்லாம் தயார். மருத்துவ முகாமில் இத்தனை பேர், நோட்டுப் புத்தகம் இத்தனை, பாட்டு சொல்லிக் கொடுத்தது இத்தனை என்று அறிக்கையும் தயார். இன்றைய நற்செய்தியின் கடைசிப் பகுதியில் 72 பேரும் மகிழ்ச்சியோடு திரும்பி வந்து சாதனைகளை அடுக்குகிறார்களே, அதுபோல. பையன் அறிக்கையை வாங்கிப் பார்த்துவிட்டு, "இதுல நாம எடுத்துட்டு வந்தது எங்க ஃபாதர் இருக்கு?" என்றான். பிறகு கணக்குப் போட்டுக் காட்டினான். நாம் 19 பேர், நாமும் வாங்கினோம், ஆக 20 பேர். பாதிப் பேருக்குமேல் இன்னும் புளி வீட்டில் இருந்தது. எல்லாவற்றையும் கொண்டுவரச் சொல்லி நிறுத்தினோம். ஒவ்வொரு பையிலும் வாங்கிய எடைக்குமேல் இருந்தது. பரலைக் கொண்டு ஏமாற்றியவர் வேறொருவர், உண்மைதான். ஆனால் அந்தத் தராசால் பலன் அடைந்தவர்கள் பட்டியலில் நம் பங்கின் மறைப்பணிக் குழுவும் சேர்ந்துவிட்டது. கள்ளத் தராசைப் பற்றி ஆமோஸ் இறைவாக்கினர் சொன்னது வருகிற செப்டம்பரில் ஒரு ஞாயிறு வாசகமாக வருகிறது. நாம் பல ஆண்டு அதைப் படித்து மறையுரை வைத்திருக்கிறோம். ஒவ்வொரு முறையும் வேறு யாரையோ பற்றித்தான் பேசினோம்.

இந்த விஷயம் பங்குப் பேரவையில் வந்தபோது, எதிர்பாராத ஒன்று நடந்தது. நெசவாளர் அன்பியத்திலிருந்து வந்த ஒரு பெரியவர் எழுந்து, "மலையில் இருக்கற தராசைப் பத்தி இவ்வளவு பேசறோம், இங்க இருக்கறதைப் பத்தியும் பேசலாமா ஃபாதர்?" என்று கேட்டார். அறையில் சத்தமே இல்லை. நம் பங்கில் தறியில் உட்காருகிறவர்களும் இருக்கிறார்கள், வேலை கொடுக்கிறவர்களும் இருக்கிறார்கள். ஒரே வரிசையில் முழந்தாளிட்டு ஒரே அப்பத்தை வாங்குகிறோம். அன்று கூட்டத்திலிருந்த வேலை கொடுக்கிறவர்களில் ஒருவர், இனி நெய்கிறவர் கண்முன்னே மின்தராசில் வைத்து, எடையைச் சீட்டில் எழுதிக் கொடுப்பதாகச் சொன்னார். சொன்னபடி செய்துவருகிறார் என்று கேள்விப்படுகிறோம். இன்னொருவர் எழுந்து போய்விட்டார். இரண்டு ஞாயிறாகத் திருப்பலிக்கு வரவில்லை. அவர் வீட்டுக்கு நாம் இந்த வாரம் போவதாக இருக்கிறோம். அவரும் இதைக் கேட்டுக்கொண்டிருந்தால், ஃபாதர் காப்பி குடிக்கத்தான் வருகிறார், சண்டைக்கு அல்ல என்று அறிவாராக.

பையனுடைய அப்பாவுக்கு இதில் மகிழ்ச்சி இல்லை. "உனக்கு எதுக்குடா வம்பு, நாளைக்கு நமக்குப் பாவு தரமாட்டாங்க" என்று கோபித்திருக்கிறார். அந்தக் கோபம் நியாயமானது. எல்லாவற்றையும் விட்டு வா என்று நாம் பீடத்திலிருந்து சொல்வோம். பாவு வராவிட்டால் அடுப்பு எரியாது என்பது அந்த வீட்டுக்குத்தான் தெரியும்.

கூடுதலாக வந்த புளிக்கான பணத்தை எல்லோரும் கணக்குப் பார்த்துக் கொடுத்தோம். வீட்டுவாரியாகத் தனித்தனி உறையில் போட்டு வைத்திருக்கிறோம். ஆகஸ்டு 15, அன்னையின் விண்ணேற்பு விழாத் திருப்பலி முடிந்ததும் பையனும் இன்னும் மூன்று பேரும் பேருந்தில் போகிறார்கள். வேன் இல்லை, மூட்டை இல்லை. அரிசியும் கொண்டுபோகவில்லை. உறைகளைக் கொடுக்கும்போது, இது எதற்குப் பணம் என்று அந்த அம்மா கேட்பார். தராசு பொய் என்று சொன்னால், வருகிற புளிக்கு முன்பணம் கொடுத்திருக்கிற வியாபாரியிடம் அவர் என்ன செய்வார்? சொல்லாவிட்டால் நாம் கொண்டுபோவது இன்னுமொரு தருமம்தானே? மலைவாழ் உழவர்களே சேர்ந்து நடத்துகிற உற்பத்தியாளர் நிறுவனம் ஒன்று ஜவ்வாது மலையில் இருக்கிறது, சாமையும் புளியும் அவர்களே எடுத்துப் பதப்படுத்தி விற்கிறார்கள். அந்த ஊர் அதில் சேர முடியுமா என்று அருட்சகோதரிகள் விசாரித்துக்கொண்டிருக்கிறார்கள். அதற்குள் ஆகஸ்டு வந்துவிடும்.

என்ன சொல்வது என்று பையன் நம்மைக் கேட்டான். இந்த முறை நாம் பதில் சொல்லவில்லை. முதலில் அந்த அம்மாவிடமே கேள், அவர் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து, சாப்பிட்ட பிறகு கேள் என்று மட்டும் சொன்னோம். அவனுக்காகவும், அவனுடைய அப்பாவுக்காகவும், மிளகுத் தோட்டத்திலிருந்து இன்னும் வந்து சேராத அந்த இரண்டு பிள்ளைகளுக்காகவும், நம் சகோதரர் ஸ்டேன் சுவாமியின் ஆன்ம இளைப்பாற்றிக்காகவும், பேர் சொல்லி இன்று மன்றாடுவோம். ஆமென்.